சீறாத மான்

பொய் சொல்லும் மானைப் பற்றிச் சுடர்க்கொடி முதன்முதலில் சொன்னபோது அவள் அப்பா சிரிக்கவில்லை. மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, “எந்த ஊரு மானு?” என்று கேட்டார்.

“ஆப்பிரிக்காப்பா. டோப்பின்னு பேரு.”

“தொப்பியா?”

“டோப்பி.”

“தொப்பின்னே வெச்சுக்குவோம். அது என்ன பொய் சொல்லுது?”

நாகப்பட்டினத்து வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். சுடர் சென்னையில் ஓர் ஒலியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவாள். வந்தால் அப்பா மீன் வாங்கி அவரே குழம்பு வைப்பார். பேசுவதற்கு அதிகம் இருக்காது. அன்றைக்கு மான் கிடைத்தது.

“பெண் டோப்பி வருஷத்துல ஒரு நாள்தான் ஆணோட சேரும்ப்பா. அந்த ஒரு நாள்ல அது ஒவ்வொரு ஆணோட எல்லைக்குள்ளயும் நடந்து போகும். ஆணுங்க ஆளுக்கொரு கரையான் புத்து மேல ஏறி நின்னு காவல் காக்கும். சிங்கம் தெரிஞ்சா காதை நிமித்தி, அந்தத் திசையையே பார்த்து, மூக்கால சீறும். மத்ததெல்லாம் அப்படியே நின்னுடும்.”

“சரிதானே. நல்ல காரியந்தானே.”

“கேளுங்க. பெண் அடுத்த ஆணோட எல்லைக்குப் போகக் கிளம்புதுன்னு வைங்க. இந்த ஆண் என்ன பண்ணும்னா, அது போற திசையைப் பார்த்துச் சீறும். அங்க சிங்கமே இருக்காது. பெண் பயந்து திரும்பி வந்துடும்.”

அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். “அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா, பொய்யின்னு?”

“தெரிஞ்சாலும் என்ன பண்ணும்? ஒரு தடவை நிஜமா இருந்துட்டா உயிர் போயிடுமே. அதனால ஒவ்வொரு தடவையும் திரும்பித்தான் ஆகணும்.”

“பாவம்” என்றார் அப்பா.

“பெண்ணா?”

“ரெண்டுந்தான்” என்று சொல்லி அவர் மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

அப்பா கலியபெருமாள் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலில் புயல் சின்னம் உருவானால், இந்த எண் கூண்டை ஏற்று என்று மேலிருந்து உத்தரவு வரும். பகலில் கொடிமரத்தில் கூண்டு, இரவில் விளக்கு. மகளுக்குச் சுடர்க்கொடி என்று பேர் வைத்ததும் அந்த நினைப்பில்தான். உத்தரவு இல்லாமல் ஒரு நாளும் அவர் கூண்டு ஏற்றியதில்லை. உத்தரவு வந்த பிறகு ஏற்றாமல் இருந்ததும் இல்லை.

வேலையில் அப்படி. வீட்டில் வேறு.

பள்ளியில் ஊட்டிக்குச் சுற்றுலா போகிறார்கள் என்று சுடர் வந்து சொன்னதும், மலைப்பாதையில் பாறை உருளுவதாக அப்பாவுக்குச் செய்தி வந்துவிட்டது. கோயம்புத்தூரில் கல்லூரி இடம் கிடைத்தபோது அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது. அம்மா இருந்தவரை, “உங்கப்பா மூணாம் நம்பர் ஏத்திட்டாருடி” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சுடர் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு கூண்டுகள் அதிகமாயின, சிரிக்க ஆளில்லை. சுடர் ஊட்டியைப் பார்த்ததில்லை. கோயம்புத்தூரை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரியில் படித்தாள். சென்னை வேலைக்கு மட்டும், நிலம் உள்வாங்குகிறது என்று அவர் சொல்லியும், பிடிவாதமாகக் கிளம்பினாள். ரயிலடிக்கு வந்த அப்பா வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவளை டோப்பி மான்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு விபத்து. கென்யாவின் புல்வெளிகளில் அப்போது மான்களின் காதை மனிதர்கள் கடன் வாங்கியிருந்தார்கள். கரையான் புற்றுகளில் ஒலிவாங்கிகளைப் பதித்திருந்தார்கள். டோப்பி சீறினால் மாடு மேய்ப்பவர்களின் போன் அடிக்கும், அவர்கள் மாடுகளைத் திரட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நன்றாகத்தான் நடந்தது. இணைசேரும் பருவம் வந்ததும் போன்கள் நாள் முழுவதும் அடித்தன. புல்லில் ஒன்றும் இல்லை. மேய்ப்பவர்கள் சலித்துப்போய்ப் போனை அணைத்தார்கள். அப்போது வந்தது நிஜமான சிங்கம். கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நசியெகு என்ற மாசாய் இனப் பெண்ணின் மாமா அன்றைக்கு ஒரு கையை இழந்தார்.

“எங்களுக்கு மான் வேண்டாம் என்று சொல்லவில்லை” என்று நசியெகு திரையில் தோன்றி ஆய்வகத்திடம் சொன்னாள். “பொய்யை மட்டும் வடிகட்டிக் கொடுங்கள்.”

நிஜமாகப் பயந்த உடம்பு மூச்சை வெளியே தள்ளுவது ஒருவிதம். பயந்ததுபோல் காட்டும் உடம்பு தள்ளுவது வேறு விதம். பெண் மானின் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டாது, மனிதக் காதுக்கும் எட்டாது. மான்களின் கழுத்துப்பட்டையில் இதயத்துடிப்பையும் பதிவு செய்து, ஒவ்வொரு சீறலோடும் ஒப்பிட்டுப் பார்த்து, சுடர் ஒரு நிரல் எழுதினாள். அது பிரித்துச் சொன்னது. ஆய்வகத்தில் அதற்கு ‘மெய்’ என்று பேர் வைத்தார்கள். புல்வெளியில் போன்கள் அதன் பிறகு சிங்கத்துக்கு மட்டும் அடித்தன.

அதோடு நின்றிருக்கலாம். யாரோ விளையாட்டாகத் தெருநாயின் குரைப்பில் போட்டுப் பார்த்தார்கள், பிடித்தது. மனிதக் குரலில் போட்டார்கள், பிடித்தது. ஆபத்து, வலி, பயம் என்று யார் சொன்னாலும் போனில் ஒரு புள்ளி தோன்றும். நிஜமென்றால் பச்சை, பொய்யென்றால் சிவப்பு. பயமில்லாத பேச்சுக்குப் புள்ளியே வராது. ஒரு நிறுவனம் அதை வாங்கிக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது.

மெய் ஒரு தடவைகூடத் தவறவில்லை. தொந்தரவே அதுதான்.

“எங்க மாமியார் இருக்காங்கல்ல” என்றாள் பர்வீன். ஆய்வகத்தில் சுடருக்குப் பக்கத்து மேசை. “முட்டி வலி உயிர் போகுதுன்னு தினமும் வேலை நேரத்துல போன் பண்ணுவாங்க. போட்டுப் பார்த்தேன். சிவப்பு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, சொல்லிட்டேன். புள்ளி சிவப்பா வருது அத்தைன்னு. போனை வெச்சுட்டாங்க.” பர்வீன் டீயை ஊதினாள். “முட்டி வலின்னா முட்டி வலி இல்லடி. வந்து கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருன்னு அர்த்தம். எனக்கு அது தெரியும். இத்தனை வருஷமா திட்டிக்கிட்டே போயி உக்காந்துட்டுத்தான் இருந்தேன். இப்ப அவங்களும் சொல்றதில்ல, நானும் போறதில்ல. வீடே ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு.”

சுடர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அவளுக்குக் கென்யா உத்தரவு வந்தபோது அவளும் அதையே செய்தாள்.

இரண்டு வருட வேலை. டோப்பிகள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. பிறக்கும் குட்டிகள் ஏன் தங்குவதில்லை என்று அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். சென்னையைத் தவிர, சின்ன வயதிலிருந்து அவள் எங்கேயும் போனதில்லை. இதற்குப் போகாவிட்டால் இனி எதற்கும் போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அப்பாவிடம் போனில் சொன்னாள். மறுநாளிலிருந்து கூண்டுகள் ஏறின.

“ஏம்மா, அங்க வெட்டுக்கிளி வந்துருக்காம். மனுசனையே கடிக்குதாம்.” சிவப்பு.

“அந்த விமானம் போன வாரம் கடல் மேல ஆட்டம் கண்டுச்சாம்மா.” சிவப்பு.

“ஏதோ புதுக் காய்ச்சலாம். நம்ம ஆளுங்களுக்குத்தான் வருதாம். பேப்பர்ல போட்டிருக்கான்.”

“எந்தப் பேப்பர்ப்பா?”

“எல்லாப் பேப்பர்லயுந்தான்.”

சிவப்பு. சுடருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் புள்ளியைப் பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறியது. ஊட்டி, கோயம்புத்தூர் எல்லாம் அதில் சிவப்பாக எரிவதுபோல் இருந்தது.

“அப்பா, நிறுத்துங்க. என் போன்ல மெய் ஓடுது. நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் பொய்யின்னு காட்டுது. இவ்வளவு நாளும் இப்படித்தானே ஏமாத்துனீங்க?”

“அப்ப நான் இனிமே உன்கிட்ட என்னத்தம்மா பேசறது?” என்று கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நிஜமாகவே வழி கேட்பதுபோல் கேட்டார்.

கிளம்புவதற்கு முன் விடைபெற ஊருக்குப் போனாள். சண்டை வரும் என்று தயாராகப் போயிருந்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “வா, வா” என்றார். வேட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காதான் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தாள்.

“அண்ணே, புள்ளகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“என்ன சொல்லணும்? பத்திரமா போயிட்டு வான்னுதான்” என்றார் அப்பா. “நீ போ ரோஸ்லினு, அடுப்புல என்னமோ தீயுது பாரு.”

ரோஸ்லின் அக்கா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

“நீங்க தனியா இருந்துக்குவீங்களாப்பா?”

“எனக்கென்ன. கல்லு மாதிரி இருக்கேன். நீ மானைப் பாரு. அந்தத் தொப்பிக்காரன் என்னைப் பத்திக் கேட்டா சொல்லு, நான் சீறுறத விட்டுட்டேன்னு.”

சுடர் சிரித்துவிட்டாள். போன் மேசைமேல் இருந்தது. பழக்கத்தில் அவள் கண் அதன் பக்கம் போனது. புள்ளி எதுவும் இல்லை. அப்பா மாறிவிட்டார், தன் சொல் அவரை எட்டிவிட்டது என்று நினைத்தாள். ரயிலடிக்கு அவர் வரவில்லை. வெயிலாக இருக்கிறது என்றார். அதையும் அவள் மரியாதையாகவே எடுத்துக்கொண்டாள்.

புல்வெளி அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. மான்கள் அழகாக இருந்தன. செம்பழுப்பு உடம்பு, தொடையில் மை கொட்டியதுபோல் கருநீலத் திட்டு, காலில் மஞ்சள் காலுறை. நீண்ட முகத்தில் எப்போதும் ஏதோ துக்கம் விசாரிக்க வந்த பாவனை. ஆண்கள் புற்றுகள்மேல் நின்றன. பெண்கள் எட்டு மாதச் சுமையோடு மெல்ல நடந்தன.

நசியெகு உயரமான பெண், குறைவாகப் பேசுபவள். வண்டியை நிறுத்தினால் முதலில் நாற்புறமும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். மாலைகளில் சுடர் அப்பாவைக் கூப்பிடுவாள். “எப்படி இருக்கீங்க?” “நல்லாயிருக்கேன்.” “சாப்பிட்டீங்களா?” “ஆச்சு.” அதற்கு மேல் போகாது. பின்னால் சில நாள் ஏதோ இயந்திரம் சீராக ஓடும் சத்தம் கேட்கும். மாவு அரைக்கிற மிஷின் என்பார்.

குட்டி ஈனும் பருவம் வந்தது. ஒரு காலையில் தனியே ஒதுங்கிய பெண் ஒன்று குட்டி போட்டது. நக்கிச் சுத்தம் செய்தது, பால் கொடுத்தது, உயரமான புல்லுக்குள் படுக்க வைத்தது. பிறகு குட்டியை விட்டு வெகுதூரம் போய் மேய ஆரம்பித்தது.

“விட்டுவிட்டுப் போய்விட்டதே” என்றாள் சுடர்.

“விடவில்லை. பக்கத்தில் நின்றால் இங்கே குட்டி இருக்கிறது என்று ஊருக்கே சொன்ன மாதிரி” என்றாள் நசியெகு.

அப்போதுதான் கழுதைப்புலி வந்தது. ஒற்றை. தலையைத் தாழ்த்தி, மோப்பம் பிடித்தபடி, குட்டி கிடந்த பக்கமாகவே வந்தது. தாய் சீறும், ஓடிவந்து முட்டும் என்று எதிர்பார்த்தாள். அது ஒன்றும் செய்யவில்லை. குட்டி இருந்த திசையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, புல்லைக் கடித்து மென்று, இன்னொரு வாய் கடித்தது. உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாததுபோல்.

சுடர் திரையைப் பார்த்தாள். மெய்யில் புள்ளி இல்லை. சீறல் வந்தால்தானே அது தீர்ப்புச் சொல்லும்? பக்கத்திலேயே கழுத்துப்பட்டையின் இதயத்துடிப்பு ஓடியது. அந்தக் கோட்டைப் பார்த்து அவள் கருவி பழுது என்று நினைத்தாள். சிங்கம் துரத்தும் மானுக்குக்கூட அப்படித் துடித்து அவள் பார்த்ததில்லை. புல்லை மென்றுகொண்டே, வாலை ஆட்டிக்கொண்டே, அந்தத் தாயின் இதயம் வெடிக்கும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கழுதைப்புலி குட்டிக்கு மிக அருகில் நின்றது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் விலகி, ஓடையைத் தாண்டிப் போய்விட்டது.

“இது எப்போதும் இப்படித்தானா?” என்று சுடர் கேட்டாள்.

“தாய்கள் எல்லாம் இப்படித்தான். பயத்தைக் காட்டினால் இழந்துவிடும்.” நசியெகு அவளைப் பார்த்தாள். “ஏன், உங்கள் கருவி இதைச் சொல்லாதா?”

“சொல்லாது. பயப்படுகிற மாதிரி நடித்தால் கண்டுபிடிக்கும். பயமே இல்லாத மாதிரி நடித்தால்...” சுடர் பாதியில் நிறுத்தினாள்.

கல்லு மாதிரி இருக்கேன். கணுக்கால்வரை இழுத்துவிட்ட வேட்டி. மாவு அரைக்கிற மிஷின்.

அவள் ரோஸ்லின் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா எடுத்ததும் அழ ஆரம்பித்தாள்.

“சத்தியம் வாங்கிட்டாரு புள்ள. எங்க வேளாங்கண்ணி மாதா மேல வாங்குனாரு. நீ போறதுக்கு முன்னாடியே ரெண்டு கிட்னியும் போச்சு. காலு எப்படி வீங்கிக் கெடந்துச்சு தெரியுமா? இப்ப வாரத்துக்கு ரெண்டு நாளு ஆஸ்பத்திரில போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. நாந்தான் ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். டாக்டரு இன்னும் எவ்வளவு நாளுன்னு சொல்ல மாட்டேங்குறாரு.”

“ஏன்க்கா எங்கிட்ட...”

“எம்மவ வாழ்க்கையில ஒரே ஒரு தடவ வெளிய போறா, அதையும் நான் கெடுக்கணுமான்னு கேக்குறாரு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேம்பாரு. பிடிவாதம் உனக்குத் தெரியாததா?”

தெரியும். உங்களுக்காக வருகிறேன் என்றால் அவர் மருந்தைக்கூட நிறுத்திவிடுவார். சுடர் வண்டியின் நிழலில் உட்கார்ந்தாள். குட்டிகள் இப்போதுதான் பிறந்துகொண்டிருந்தன. இந்தப் பருவத்தை விட்டால் அடுத்த வருடம் இந்தக் கூட்டமே இருக்குமோ இருக்காதோ. தாய் மான் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் கோடு திரையில் மெல்ல மெல்லத் தாழ்ந்து வந்தது.

அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“எப்படிப்பா இருக்கீங்க?”

“நல்லாயிருக்கேம்மா. இங்க ஒரு குறையும் இல்ல. மான் குட்டி போட்டுச்சா?”

பின்னால் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா, இங்க நிலைமை கொஞ்சம் சரியில்ல. சிங்கம் வந்துருக்கு. கேம்ப்பைச் சுத்திச் சுத்தி வருது. எனக்குப் பயமா இருக்குப்பா. நான் ஊருக்கு வந்துடட்டுமா?”

சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. இப்போது வரும் போன்களிலெல்லாம் மெய் சேர்ந்தே வருகிறது. போன மாதம்தான் அவளே அப்பாவுக்குப் புதுப் போன் அனுப்பியிருந்தாள். நாகப்பட்டினத்தில் எங்கோ ஒரு கட்டிலில் படுத்திருக்கும் மனிதரின் உள்ளங்கையில் இந்நேரம் ஒரு சிவப்புப் புள்ளி வந்திருக்கும்.

இயந்திரம் ஒரு சுற்று ஓடி முடித்து அடுத்ததைத் தொடங்கியது.

“பெரிய சிங்கமாம்மா?” என்று கேட்டார்.

“ஆமாப்பா. ரொம்பப் பெருசு.”

“அப்ப அங்க இருக்கக் கூடாது” என்றார் அப்பா. “கிளம்பி வா. நீ வர்ற வரைக்கும் நான் இங்க பத்திரமா இருக்கேன்.”

போனை வைத்தபோது நசியெகு எழுந்து நின்றிருந்தாள். கண்ணுக்கு மேல் கையைக் குவித்துப் புல்வெளியை ஓரம் ஓரமாகப் பார்த்தாள்.

“எங்கே?” என்றாள்.

“என்ன எங்கே?”

“சிங்கம், சிங்கம் என்றாயே. எங்கள் சுவாஹிலியில் சிம்பா என்போமே, அதுதானே?”

சுடருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “இல்லை நசியெகு. இங்கே ஒன்றும் இல்லை. அப்பாவிடம் சும்மா சொன்னேன்.”

நசியெகு அவள் முகத்தைப் பார்த்தாள். புரிந்ததுபோல் தலையாட்டினாள். ஆனாலும் உடனே உட்காரவில்லை. காற்று புல்லைப் புரட்டிக்கொண்டு போவதையே பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.